பழைய மூன்று ஃபேஸ் மோட்டாரிலிருந்து வீட்டுக் காற்றாலை: முழுமையான வழிகாட்டி

பழைய மோட்டாரைக் கொண்டு காற்றாலை செய்ய நினைப்பவர்களில் பலர் இறக்கையில் தொடங்குகிறார்கள். அழகாகச் செதுக்கிய இறக்கையைக் கையில் கிடைத்த ஏதோ ஒரு மோட்டாரில் மாட்டிவிட்டு, மின்சாரம் வரவில்லையே என்று பேட்டரியைச் சந்தேகிக்கிறார்கள். மோட்டார் எந்த வேகத்தில் எத்தனை வோல்ட் தரும், இறக்கை எந்தக் காற்றில் எந்த வேகத்தில் சுற்றும், பேட்டரி எத்தனை வோல்ட் கேட்கும் என்ற மூன்று எண்களும் பொருந்தினால்தான் காற்றாலை உழைக்கும். அதனால் இந்த வழிகாட்டி கணக்கில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்ளும். பொறுமையாகப் படியுங்கள்.

நாம் செய்யப்போவது 2 மீட்டர் விட்டமுள்ள மூன்று இறக்கைக் காற்றாலை. ஜெனரேட்டர், ஒரு குதிரைத்திறன் மூன்று ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டார். அதன் ரோட்டரில், அதாவது உள்ளே சுற்றும் பகுதியில், நியோடிமியம் காந்தம் பதித்து 48 வோல்ட் பேட்டரியைச் சார்ஜ் செய்வோம்.

முதலில் காற்று

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலை, கம்பம் பகுதிகளில் இருப்பவர்களுக்கு இந்த உழைப்பு பலன் தரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளிகள் வழியே தென்மேற்குப் பருவக்காற்று அங்கே பீறிட்டு வருகிறது. வைகாசியில் எழும்பி, ஆனி ஆடியில் உச்சம் தொட்டு, புரட்டாசியில் தணியும். திறந்த கடற்கரைகளும் பரவாயில்லை. மரமும் மாடிவீடும் சூழ்ந்த நகரத் தெருவில் இருப்பவர் அதே பணத்துக்குச் சோலார் பலகை வாங்குவதே நல்லது. இதை மனமாரச் சொல்கிறேன்.

காரணம் எளிது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். 2 மீட்டர் காற்றாலை வீசும் வட்டத்தின் பரப்பு 3.14 சதுர மீட்டர். விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கி.மீ. காற்றில் அந்த வட்டத்தின் வழியே 235 வாட் போகிறது. 8 மீட்டர் காற்றில் 960 வாட். 10 மீட்டர் காற்றில் 1,880 வாட். இதை முழுதாகப் பிடிக்க எந்த இறக்கையாலும் முடியாது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஆல்பர்ட் பெட்ஸ் கணக்கிட்ட உச்சவரம்பு 59.3 சதவீதம். கையால் செதுக்கிய நல்ல இறக்கை 30 சதவீதம் பிடித்தால் மகிழ்ச்சி. ஆக ஷாஃப்டில் கிடைப்பது 5 மீட்டர் காற்றில் 70 வாட், 8 மீட்டரில் 290, 10 மீட்டரில் 565. சராசரியாக 5 மீட்டர் காற்றுள்ள இடத்தில் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு யூனிட் எதிர்பார்க்கலாம். 3 மீட்டர் சராசரி உள்ள இடத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

எந்த மோட்டார், எது வேண்டாம்

பழைய இரும்புக் கடையில் அதிகம் கிடைப்பது கிணற்று மோனோபிளாக் பம்ப். அது நிமிடத்துக்கு 2,800 சுற்றுக்கு மேல் ஓடும் இரண்டு துருவ (காந்தமுனை) மோட்டார், நமக்கு உதவாது. மிக்ஸி, டிரில் மோட்டார்களில் காந்தமே இல்லை, வேகமும் மிக அதிகம். கார் ஆல்டர்நேட்டர் ஆயிரம் சுற்றுக்கு மேல் போனால்தான் சார்ஜ் தரும். அதோடு காந்தப்புலத்துக்கென்று பேட்டரியிலிருந்தே மின்சாரம் குடிக்கும். இறக்கைக்கும் அதற்கும் நடுவே கியர் வைத்தால், மெல்லிய காற்றின் பலம் கியரிலேயே தீர்ந்துபோகும்.

இண்டக்‌ஷன் மோட்டாரில் கெப்பாசிட்டர் போட்டு ஓட்டினாலும் மின்சாரம் வரும். ஆனால் அது தன் துருவ எண்ணிக்கைக்கேற்ற ஒத்தியங்கு வேகத்தின் பக்கம் சீராகச் சுற்றினால்தான் விழித்திருக்கும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் காற்றில் அந்த முறை நிலைக்காது.

நேம் பிளேட்டில் வேகத்தைப் பாருங்கள். 920, 940 என்று இருந்தால் ஆறு துருவ மோட்டார். 1,400 பக்கம் இருந்தால் நான்கு துருவம். ஒரு குதிரைத்திறன் ஆறு துருவமும், இரண்டு குதிரைத்திறன் நான்கு துருவமும் வழக்கமாக ஒரே உடல் அளவில், 90 ஃபிரேமில்தான் வரும். ஷாஃப்ட் 24 மி.மீ. இரண்டுமே நம் வேலைக்குச் சரி. இங்கே ஆறு துருவத்தை வைத்தே சொல்கிறேன். வார்ப்பிரும்பு உடலாக இருந்தால் உத்தமம். காயில் எரியாமல் இருக்கிறதா, உடலுக்கும் காயிலுக்கும் இடையே 500 வோல்ட் மெகரில் (காப்புத்தடை அளக்கும் மீட்டரில்) ஒரு மெகா ஓமுக்கு மேல் காட்டுகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ரோட்டரும் பேரிங்கும் கெட்டிருந்தால் கவலை இல்லை, எப்படியும் மாற்றப்போகிறோம்.

லேத் பட்டறை எட்டாத தூரத்தில் இருந்தால் இன்னொரு வழி உண்டு. எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சக்கர ஹப் மோட்டாரில் காந்தம் ஏற்கெனவே இருக்கிறது, வேகமும் குறைவு. அதன் மூன்று தடித்த வயர்களை, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையரில் கொடுத்தால் போதும். கீழே வரும் இறக்கை, கோபுரம், பேட்டரி பகுதிகள் அதற்கும் அப்படியே பொருந்தும்.

இணைப்புக் கணக்கு

ஆறு துருவ மோட்டார் 50 சைக்கிளில், நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்கு 415 வோல்ட். நியோடிமியம் காந்தம் பதித்தபின் ஏறக்குறைய அதே விகிதத்தில் மின்னழுத்தம் தரும்: ஸ்டார் இணைப்பில் (மூன்று ஃபேஸின் ஒரு முனையை மட்டும் ஒன்றாகக் கட்டும் முறை) ஒரு சுற்றுக்கு 0.415 வோல்ட். 48 வோல்ட் பேட்டரியில் மின்சாரம் நுழைய, டயோடு இழப்பையும் சேர்த்து 51 வோல்ட் டிசி வேண்டும். மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையர் ஏசி வோல்ட்டை 1.35 மடங்கு டிசியாக்கும் என்பதால், தேவை 38 வோல்ட் ஏசி. காயிலை மாற்றாமல் விட்டால் 92 சுற்றிலேயே இது வந்துவிடும்.

சீக்கிரம் வருவது நல்லதுதானே என்று தோன்றும். இங்கேதான் பல காற்றாலைகள் முடங்குகின்றன. நல்ல இறக்கையின் நுனி, காற்றைப் போல ஆறு மடங்கு வேகத்தில் ஓடும்போதுதான் முழு பலம் தரும். 2 மீட்டர் இறக்கைக்கு அது 5 மீட்டர் காற்றில் 287 சுற்று, 8 மீட்டரில் 460 சுற்று. ஜெனரேட்டர் 92 சுற்றிலேயே பாரம் ஏற்றினால் இறக்கை அந்த வேகத்தை எட்டவே முடியாது. காற்று எவ்வளவு அடித்தாலும் சோம்பலாகச் சுற்றும், ஆம்பியர் மீட்டர் அசையாது.

எனவே ஒவ்வொரு ஃபேஸிலும் தொடராக இருக்கும் காயில் குழுக்களைப் பிரித்து மூன்று இணைப் (பேரலல்) பாதையாக்க வேண்டும். ஆறு துருவ மோட்டாரில் ஃபேஸுக்கு மூன்று குழுவோ ஆறு குழுவோ இருக்கும். இரண்டிலுமே மூன்று பாதை சாத்தியம். இப்போது சுற்றுக்கு 0.138 வோல்ட். 48 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் தொடங்குவது 280 சுற்று பக்கம். பாரமில்லாத இறக்கையின் நுனி காற்றைப் போல எட்டு மடங்கு வேகத்தில் ஓடும் என்பதால், 3.5 மீட்டர் காற்று தாண்டியதும் அந்தச் சுற்று கிடைத்துவிடும். 8 மீட்டர் காற்றில் 325 சுற்றில் நிலைகொண்டு பேட்டரிக்குச் சுமார் 225 வாட் தரும். 10 மீட்டரில் 400 வாட் பக்கம். இந்தக் காயில் தாங்குவது அவ்வளவுதான். அதற்கு மேல் போகாமல், கீழே சொல்லப்போகும் காற்றாலையின் வால் பார்த்துக்கொள்ளும்.

24 வோல்ட்தான் வேண்டுமென்றால், ஃபேஸுக்கு ஆறு குழு இருக்கும் மோட்டாரைத் தேடி ஆறு பாதையாக்குங்கள். நான்கு துருவ மோட்டாரில் இரண்டு பாதை போட்டாலே சுற்றுக்கு 0.138 வந்துவிடும்.

இந்த வேலையை மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம் கொடுங்கள். பிரிப்பதற்குமுன் பழைய இணைப்பை வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். அடுத்தடுத்த குழுக்களின் திசை மாறிவிட்டால் ஒன்றின் மின்சாரத்தை மற்றொன்று தின்றுவிடும். கடைசி இணைப்பு ஸ்டார் ஆகவே இருக்கட்டும். காந்த ரோட்டர் தரும் மூன்றாம் ஹார்மோனிக் (மும்மடங்கு அதிர்வெண்) மின்சாரம், முக்கோணமாகக் கட்டும் டெல்டாவுக்குள் வட்டமடித்துக் காயிலைச் சூடாக்கும். மூன்று முனைகளையும் தடித்த வயரில் வெளியே எடுத்து, புது இணைப்புகளுக்கு ஸ்லீவ் போட்டுக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைக்க வேண்டும்.

ரோட்டர்: காந்தம் பதிக்கும் வேலை

பழைய ரோட்டரையே லேத்தில் கடைந்து காந்தம் ஒட்டுபவர்கள் உண்டு. அதில் அலுமினியக் கம்பிகள் ஓடும் பள்ளங்கள் ஆழமாக இருந்தால், கடைந்தபின் காந்தப்புலம் போக இரும்பு போதாது. பழைய இரும்புத் தகட்டுக் கட்டைப் பிரஸ்ஸில் தள்ளிக் கழற்றிவிட்டு, மைல்ட் ஸ்டீல் உருளையைத் துளையிட்டுச் சூடாக்கி அதே ஷாஃப்டில் இறுக்கமாக ஏற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். ரோட்டரோடு காந்தமும் சேர்ந்தே சுற்றுவதால் இந்த இரும்பில் புலம் மாறாது, தகடாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

உருளையின் விட்டத்தை ஸ்டேட்டரின், அதாவது காயில் இருக்கும் அசையாப் பகுதியின், உள்விட்டத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, உள்விட்டம் 90 மி.மீ., தகட்டுக் கட்டின் நீளம் 100 மி.மீ., அதில் காயில் அமரும் பள்ளங்கள் 36 என்று வைத்துக்கொள்வோம். காந்தம் 20×10×5 மி.மீ. கட்டி, 5 மி.மீ. பக்கமாகக் காந்தமேற்றியது. சுற்றிலும் காற்றிடைவெளி 0.8, மேலே சுற்றும் கண்ணாடி இழை 0.5, பசைக்குக் கொஞ்சம், தட்டைக் காந்தத்தின் மூலை உயர்வதற்குக் கொஞ்சம் என்று எல்லாம் கழித்தால் உருளை 76 மி.மீ. வரும். 10 மி.மீ. அகலக் காந்தம் இந்த வளைவில் தனியே தளம் செதுக்காமலே உட்காரும்.

சுற்றளவு 238.8 மி.மீ. ஆறாகப் பிரித்தால் துருவத்துக்கு 39.8. ஒவ்வொரு துருவத்திலும் மூன்று காந்தம் பக்கம்பக்கமாக, நீளவாட்டில் ஐந்து வரிசை. மொத்தம் 90 காந்தம். துருவங்கள் வடக்கு, தெற்கு என்று மாறிமாறி வரவேண்டும். சாதாரண நியோடிமியம் 80 டிகிரியில் பலமிழக்கும். வெயிலில் நிற்கும் இரும்புப் பெட்டிக்குள் இருக்கப்போவதால், 120 டிகிரி தாங்கும் ‘எச்’ ரகம் கேட்டு வாங்குங்கள்.

இனி இந்த வேலையின் உயிர்நாடி. காந்தங்களை நேர்க்கோட்டில் ஒட்டினால் அவை ஸ்டேட்டரின் பல்லோடு பல் பொருந்தி, ரோட்டர் தக்கித்தக்கி நிற்கும். கையால் திருப்பவே கஷ்டம். இளங்காற்றில் இறக்கை கிளம்பாது. அதற்காக ஒவ்வொரு வரிசையையும் முந்தைய வரிசையைவிடச் சற்றுத் தள்ளி ஒட்ட வேண்டும். எவ்வளவு தள்ளி என்றால், சுற்றளவைப் பள்ளங்களின் எண்ணிக்கையால் வகுத்து, அதை வரிசைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 238.8-ஐ 36-ஆல் வகுத்தால் 6.63, ஐந்தால் வகுத்தால் 1.33 மி.மீ. முதல் வரிசை முதல் ஐந்தாம் வரிசை வரை, எல்லாத் துருவத்திலும் ஒரே பக்கமாக, வரிசைக்கு 1.33 நகர்த்துங்கள். 238.8 மி.மீ. நீளத் தாளில் எல்லாக் கட்டங்களையும் முன்பே வரைந்து, உருளையில் சுற்றி, புள்ளிக்குத்தியால் மூலைகளைக் குறித்துக்கொண்டால் பிசகாது.

லேத் வேலை எல்லாம் முடிந்து, உருளையைத் தின்னரால் துடைத்தபிறகே காந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும். இரும்புத்தூள் இருக்கும் மேசையில் திறந்தால் ஒவ்வொரு துகளும் காந்தத்தில் ஒட்டி, பின்னர் காற்றிடைவெளியில் உரசும். மெதுவாக இறுகும் இரண்டு பாக எபாக்ஸி பூசி ஒன்றொன்றாக வையுங்கள். ஒரே துருவக் காந்தங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பதால் நடுவே மரச்சிம்பு வைத்து, நூலால் இறுக்கிக் கட்டி, ஒரு வரிசை இறுகியபின் அடுத்தது. கண்ணாடி அணியாமல் உட்காராதீர்கள். இரண்டு காந்தம் பாய்ந்து மோதினால் சில்லு தெறிக்கும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அந்த அறைக்கே வரக்கூடாது. எல்லாம் முடிந்ததும் இடைவெளிகளை எபாக்ஸியால் நிரப்பி, கண்ணாடி இழை நாடாவை எபாக்ஸியில் நனைத்து இறுக்கமாகச் சுற்றுங்கள். காந்தத்தின் முலாம் பெயர்ந்த இடத்தில் ஈரம் பட்டால் துருப்பிடித்து உதிரும். இந்தப் போர்வைதான் அதற்குக் காவல்.

கோத்தலும் சோதனையும்

காந்த ரோட்டரைக் கையால் ஸ்டேட்டருக்குள் விடப் பார்க்காதீர்கள். ஒரு பக்கமாகப் பாய்ந்து ஒட்டிக்கொண்டால் காயிலும் கிழியும், கையும் போகும். ஸ்டேட்டரின் உட்புறம் முழுதும் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டி வையுங்கள். முன்மூடியை ரோட்டரோடு சேர்த்துப் பொருத்தி, மூடி போல்ட் போகும் துளைகளில் நீளமான திரெட் கம்பிகளை மாட்டி, நட்டை மாற்றிமாற்றித் தளர்த்திக்கொண்டே மெல்ல உள்ளே இறக்குங்கள். பின்மூடி மாட்டுவதற்குமுன் ஃபிலிமை உருவிவிட வேண்டும். பேரிங் பெரும்பாலும் 6205 ஆக இருக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ள புதியதைப் போடுங்கள். பின்விசிறியும் அதன் மூடியும் தேவையில்லை.

லேத் சக்கில் ஷாஃப்டைப் பிடித்து, மோட்டார் உடல் சுழலாமல் கட்டி, 300 சுற்றில் ஓட்டுங்கள். எந்த இரண்டு முனைக்கு இடையிலும் 41 வோல்ட் ஏசி பக்கம் வரவேண்டும், மூன்று அளவும் ஒன்றாக இருக்கவேண்டும். மூன்றும் ஒன்றாக இல்லாவிட்டால் ஒரு குழு தலைகீழாகக் கட்டப்பட்டிருக்கலாம். மூன்றுமே குறைந்தால் காந்தத்துருவம் ஏதோ மாறியிருக்கிறது, அல்லது காற்றிடைவெளி அதிகம். வந்த எண்ணை எழுதிவைத்து, மேலே சொன்ன கணக்கை அந்த எண்ணோடு மறுபடி போடுங்கள்.

இறக்கை

பிவிசி குழாய் இறக்கை சிறிய காற்றாலைக்குச் சரி. ஒரு மீட்டர் நீளத்தில் அது வளையும், வெயிலில் நொறுங்கும். மரமே மேல். முடிச்சில்லாத, நேரான ரேகையுள்ள, நன்கு காய்ந்த மலைவேம்பு அல்லது தேக்கு, 150×50 மி.மீ. பலகை மூன்று.

மையத்திலிருந்து 25 செ.மீ. தூரத்தில் அகலம் 145 மி.மீ., கோணம் 18 டிகிரி. 50 செ.மீ.யில் 130, 8 டிகிரி. 75 செ.மீ.யில் 85, நான்கரை டிகிரி. நுனியில் 65, இரண்டரை டிகிரி. கோணத்தை அளப்பதைவிட இறக்கத்தை அளப்பது தச்சருக்கு எளிது: அந்த நான்கு இடங்களிலும் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள மட்ட வித்தியாசம் முறையே 47, 18, 7, 3 மி.மீ. அதைக் குறித்து, காற்றைப் பார்க்கும் முகத்தை முதலில் தட்டையாக இழைத்துவிடுங்கள். பின்முகம் வளைவு. முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் தடிமன் அதிகம், நுனியில் 8 மி.மீ. போதும். பின்விளிம்பு ஒரு மில்லிமீட்டருக்கு மெலியட்டும். அது தடித்தால் இரைச்சலும் வரும், வேகமும் குறையும்.

மூன்றையும் எடைபோட்டுச் சமப்படுத்துங்கள். நுனியிலிருந்து நுனிக்கு அளந்தால் மூன்று தூரமும் ஒன்றாக வரவேண்டும். சாவிப்பள்ளத்தோடு கடைந்த இரும்பு ஹப்பில், இரண்டு பிளைவுட் வட்டங்களுக்கு நடுவே போல்ட் போட்டு இறுக்குங்கள். ஆளிவிதை எண்ணெயும் அதன்மேல் பெயின்டும் அடித்தபின் மறுபடி சமநிலை பாருங்கள்.

வாலும் கோபுரமும்

வால் திசைகாட்டி மட்டும் இல்லை, புயலில் காற்றாலையைக் காப்பாற்றுவதும் அதுதான். மோட்டாரின் மையக்கோட்டைக் கோபுரத்தின் அச்சிலிருந்து சுமார் 100 மி.மீ. பக்கவாட்டில் தள்ளிப் பொருத்துங்கள். காற்று இறக்கையைத் தள்ளும்போது தலை ஒரு பக்கம் திரும்பப் பார்க்கும். வால் அதைத் தடுத்து நேராகப் பிடிக்கும். வாலின் கீல் ஊசியைச் செங்குத்திலிருந்து 20 டிகிரி சாய்த்தால், வால் மடங்கும்போது மேலேறவும் வேண்டியிருக்கும். இளங்காற்றில் அதன் எடை மடங்க விடாது. 10 மீட்டர் காற்றில் இறக்கையின்மேல் 17 கிலோ அளவுக்கு அழுத்தம் வரும், அப்போது வால் தோற்று மடங்க, இறக்கை காற்றிலிருந்து விலகிக்கொள்ளும். வால்தண்டு ஒரு மீட்டர், பலகை கால் சதுர மீட்டர் என்று தொடங்கி, எடையைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்யுங்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் இந்தக் கீல் இல்லாத காற்றாலையை ஏற்றக்கூடாது.

மாடிச்சுவரில் கட்டாதீர்கள். அதிர்வு வீடு முழுக்கக் கேட்கும், கூரைமேல் காற்றும் சுழித்துத்தான் வரும். நூறு மீட்டர் தூரத்துக்குள் உள்ள மரம், கட்டடத்தைவிடப் பத்து மீட்டர் உயரம் என்பதே இலக்கு. இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய், நான்கு திசையிலும் இரண்டு மட்டத்தில் ஸ்டே கம்பி, அடியில் கீல். சாய்த்து இறக்க வசதியாகக் கோபுரத்தில் பாதி நீளமுள்ள துணைக்குழாயைக் கீலருகே செங்குத்தாகப் பொருத்தி, செயின் பிளாக்கால் இழுங்கள். கோபுரம் சாய்ந்தால் விழும் தூரத்துக்குள் மின்கம்பி இருக்கவே கூடாது. அடியில் எர்த் கம்பி அடித்து இணைத்துவிடுங்கள். கேபிளைக் குழாய்க்குள்ளேயே தொங்கவிட்டு, கீழே ஒரு பிளக் வையுங்கள். பல மாதத்துக்கு ஒருமுறை முறுக்கு சேரும். பிரேக் போட்டு இறக்கை நின்றபின், பிளக்கைக் கழற்றிப் பிரித்துவிடலாம்.

பேட்டரிப் பக்கம்

மூன்று முனையும் மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையர் மாட்யூலுக்குள் போகட்டும். 50 ஆம்பியருக்குக் குறையாதது, ஹீட் சிங்க் மேல். அங்கிருந்து ஃபியூஸ் வழியே தொடராக இணைத்த நான்கு 12 வோல்ட் இன்வெர்ட்டர் பேட்டரி. ஓடும் காற்றாலையைப் பேட்டரியிலிருந்து ஒருபோதும் பிரிக்காதீர்கள். பாரம் விட்டதும் இறக்கை தறிகெட்டுச் சுற்றும், மின்னழுத்தமும் 100 வோல்ட்டைத் தாண்டும். அது ஆளைக் கொல்லும். பேட்டரி நிறைந்ததும் பலகையைத் துண்டிக்கும் சாதாரண சோலார் கன்ட்ரோலர் இதனாலேயே ஆகாது. 57.6 வோல்ட் தொட்டதும் உபரி மின்சாரத்தை ஹீட்டரில் திருப்பிவிடும் டம்ப் லோடு கன்ட்ரோலர் வேண்டும். 6 ஓம் ஹீட்டர் 550 வாட் வரை தின்னும், நமக்குப் போதும்.

ரெக்டிஃபையருக்கு முன்பே மூன்று ஃபேஸ் சுவிட்ச் ஒன்று வைத்து, அதை அமுக்கினால் மூன்று முனையும் ஒன்றோடொன்று ஷார்ட் ஆகும்படி செய்யுங்கள். அதுதான் பிரேக். காற்று எழும்புவதற்குமுன் போட்டால் இறக்கை கட்டிப்போட்டதுபோல் நிற்கும். பலத்த காற்றில் முழுவேகத்தில் ஓடும்போது போட்டால் காயில் எரியக்கூடும். இந்த மின்சாரத்தை மின்வாரிய இணைப்போடு எந்த இடத்திலும் சேர்க்காதீர்கள். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிர் அதில் இருக்கிறது.

முதல் ஓட்டம்

காற்றில்லாத அதிகாலையில், பிரேக் போட்ட நிலையில் கோபுரத்தை நிமிர்த்துங்கள். பேட்டரி, டம்ப் லோடு எல்லாம் இணைந்திருப்பதை உறுதிசெய்தபின் பிரேக்கை விடுங்கள். வேகமாகச் சுற்றியும் ஆம்பியர் வரவில்லை என்றால் ரெக்டிஃபையரிலோ ஃபியூஸிலோ இணைப்பு விட்டிருக்கிறது. உடனே பிரேக் போட்டுப் பாருங்கள். நல்ல காற்றிலும் மெதுவாகவே சுற்றினால் பாரம் சீக்கிரம் ஏறுகிறது. இணைப் பாதையின் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். பிரேக் விட்டபின்னும் இறக்கை கிளம்பவே இல்லை என்றால் காந்த வரிசையின் சாய்வு போதவில்லை, அல்லது ஏதாவதொரு டயோடு ஷார்ட் ஆகியிருக்கிறது.

ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில், காற்றுக்காலம் தொடங்குமுன், கோபுரத்தை ஒருமுறை இறக்குங்கள். ஹப் போல்ட், வால் கீல், ஸ்டே கம்பியின் கிளிப், இறக்கையின் முன்விளிம்புப் பெயின்ட் எல்லாவற்றையும் பாருங்கள். ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றும்போது பேரிங் கரகரத்தால் அந்த ஆண்டே மாற்றிவிடுங்கள். அது தேய்ந்து காந்தம் ஸ்டேட்டரில் உரச ஆரம்பித்தால் ரோட்டரையே மறுபடி செய்ய வேண்டிவரும்.